தங்கை சிங்கப்பூரில், வீடு மதுரையில்: விற்றால் வரி எப்படி?

கேள்வி: அப்பா 1986-ல் மதுரையில் வாங்கிய வீடு. அப்பா, அம்மா இருவருமே இப்போது இல்லை, உயிலும் இல்லை. நானும் தங்கையும்தான் வாரிசுகள். அவள் 12 வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஊருக்கு வருவாள். பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்தான். வீட்டை ஒரு கோடிக்குப் பேசியிருக்கிறோம். "தங்கையிடம் பவர் வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் உங்கள் கணக்கிலேயே வாங்குங்கள், 1 சதவீத டிடிஎஸ்ஸோடு (வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) முடிந்துவிடும்" என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பவர் வாங்கினால் கையெழுத்து போடுகிறவர்தான் நீங்கள். பாதி வீட்டை விற்பவர் தங்கைதான். வரிக்கு அவர் வெளிநாடு வாழ்பவரா என்பதைப் பாஸ்போர்ட்டை வைத்தும் முடிவு செய்வதில்லை. அந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்பதுதான் முக்கியம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வரிக் கணக்கில் அவர் வெளிநாடு வாழ் இந்தியர்தான்.

ஆளுக்கு 50 லட்சம் வருகிறது. 2001-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை மட்டும் தாண்டக் கூடாது. அதைப் பதிவுத்துறையில் கேட்டு வாங்கி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுத்துவிடுங்கள். மொத்தம் 15 லட்சம் என்று வந்தால் உங்கள் பங்குக்கு 7.5 லட்சம்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு உங்களைப் போல இங்கேயே வசிப்பவர்களுக்கு இரண்டு வழி. பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம்: லாபம் 42.5 லட்சம், வரி 5,31,250 ரூபாய். குறியீட்டோடு 20 சதவீதம்: 2001-02-ல் 100 ஆக இருந்த குறியீடு 2025-26-க்கு 376, ஆகவே 7.5 லட்சம் 28.2 லட்சமாகிறது, லாபம் 21.8 லட்சம், வரி 4,36,000. எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தங்கைக்கு இரண்டாவது வழி கிடையாது. ஒரே வீடு, ஒரே பங்கு, ஆனால் அவருக்கு 95,250 ரூபாய் அதிகம். (இரண்டிலும் வரியின் மேல் 4 சதவீத செஸ் தனி.) குறியீடு அப்பா இறந்த வருடத்திலிருந்துதான் என்று அதிகாரி சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலத்தையும் சேர்க்க வேண்டும் என்பது மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பு.

அப்புறம் டிடிஎஸ். உங்கள் பங்கில் 1 சதவீதம், 50,000 பிடிப்பார்கள். தங்கை பங்கில் லாபத்துக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும், ஆனால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பயந்துகொண்டு முழு 50 லட்சத்துக்கும் செஸ்ஸோடு 13 சதவீதம், 6.5 லட்சம் பிடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் துறை அவர் கழுத்தைத்தான் பிடிக்கும். புரோக்கர் சொன்ன வழியில் மாட்டிக்கொள்வதும் அவர்தான். அதனால் விற்பதற்கு முன்பே தங்கை வருமான வரித்துறையில் குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கட்டும். அவருடைய பங்குப் பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாடு வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) போகட்டும். வரி கட்டியபின் அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

வரியே வேண்டாம் என்றால் லாபத்தைப் போட்டு 2 வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கலாம், ஆனால் அது இந்தியாவில் இருக்க வேண்டும். தங்கை சிங்கப்பூரில் வாங்கும் ஃப்ளாட் கணக்கில் வராது. வீடே வேண்டாம் என்றால் ஆர்இசி, பிஎஃப்சி மாதிரியான பொதுத்துறை நிறுவனங்களின் பாண்டுகளில் 6 மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடலாம். பணம் 5 வருடம் முடங்கும்.

பவர் பத்திரத்தைச் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். குறைந்த டிடிஎஸ் சான்றிதழ் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் வாங்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அதில் தங்கையின் பங்குக்கும் டிடிஎஸ் உண்டு.