டைமண்ட் வாங்கும் அண்ணனும் கதவு கட்டும் தங்கையும்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் எட்டாவது, மகள் ஐந்தாவது படிக்கிறார்கள். மகன் பள்ளி விட்டு வந்து ஃபோனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. போன வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பா ஃபோனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நான்காயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்து, அந்த ஆட்டத்துக்குள் செலவழிக்கும் ‘டைமண்ட்’ வாங்கியிருக்கிறான். அவர் அடித்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் தம்பியோ, “கேம் ஆடினால் மூளை சுறுசுறுப்பாகும் அக்கா, ஆபரேஷன் பண்ற டாக்டர்களே ஆடுறாங்க” என்கிறான். துப்பாக்கி விளையாட்டு ஆடி ஆடிப் பையன் ரவுடியாகிவிடுவான் என்கிறார் மாமியார். மகளும் தம்பி கொடுத்த டேப்லெட்டில், கட்டைகளை அடுக்கி வீடு கதவெல்லாம் கட்டும் மைன்கிராஃப்ட் ஆடுகிறாள். இரண்டையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? இல்லையென்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். உங்கள் பிள்ளைகள் இருவர் கையிலும் இருப்பது திரைதான் என்றாலும், அவர்கள் செய்வது ஒரே காரியம் அல்ல.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடிய அறுவை மருத்துவர்கள், சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைப் பயிற்சியில் கேம் ஆடாதவர்களைவிட 37 சதவீதம் குறைவாகவே தவறு செய்தார்கள். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 33 பேர்தான். கேம் ஆடியதால் கை தேர்ந்ததா, கை தேர்ந்தவர்கள் கேம் பக்கம் போனார்களா என்பதையும் அதை வைத்துச் சொல்ல முடியாது. வேகமான ஆட்டங்களால் கண்ணின் கவனம் கூர்மையாகிறது என்று 2003-இலிருந்தே ஆய்வுகள் வருகின்றன. அந்தக் கூர்மை கணக்குப் பாடத்துக்குத் தானாக வந்து சேராது. மாமியாரின் பயத்தை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பற்றி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை ஆட்டத்துக்கும் அவர்களுடைய முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

எனக்குக் கவலை தருவது துப்பாக்கி அல்ல, அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் கடை.

ஒருநாள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முதலில் ரூபாய் டைமண்டாக மாறும். மாறியதும் அது பணமாகவே தோன்றாது. அப்புறம் ஒரு சக்கரம் வரும். பையன் ஆசைப்பட்ட உடையோ, துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றமான ஸ்கின்னோ அதில் ஒரு கட்டத்தில் மின்னிக்கொண்டிருக்கும். முதல் முறை சுழற்ற விலை மிகக் குறைவு. விழுவது வேண்டாத ஏதோ ஒன்று. அடுத்த முறை விலை ஏறும், அதற்கடுத்த முறை இன்னும் ஏறும். ஒருமுறை விழுந்தது திரும்ப விழாது என்பதால், “இன்னும் ரெண்டே சுத்துதான், கண்டிப்பா வந்துடும்” என்று பையன் நினைப்பான். அது வருவதற்குள் முதல் சுற்றின் விலையைப்போல் பல மடங்கு போயிருக்கும். பக்கத்திலேயே ஒரு கடிகாரம், இந்தச் சலுகை இன்னும் இத்தனை மணி நேரம்தான் என்று ஓடும். எதுவும் வாங்காமல், தொடக்கத்தில் கொடுத்த உடையோடு ஆடும் பையனை மற்றவர்கள் ‘நூப்’, அதாவது ஆடத் தெரியாதவன், என்பார்கள். பதிமூன்று வயதில் அந்த ஒரு சொல்லைத் தாங்குவது லேசு அல்ல.

இந்தச் சக்கரத்தைப்போலவே, பணம் கொடுத்து அதிர்ஷ்டத்துக்குத் திறக்கும் பெட்டிகளும் சில ஆட்டங்களில் உண்டு. அவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் முடிவு செய்தது. நம் நாட்டில் 2025-இல் வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் குறிவைக்கிறது. இந்தச் சக்கரத்தில் பணம் திரும்பி வராது, உடைதான் வரும். அதனால் வீட்டில் இருக்கும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அவனைத் திருடன் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். அடித்ததும் தவறு. இப்படி ஒரு பொறியைப் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள், எட்டாவது படிக்கும் பிள்ளை அதில் விழுந்திருக்கிறான். ஆனால் பணத்தை அப்படியே மன்னித்தும் விடாதீர்கள். எந்தெந்த நாளில் என்ன வாங்கினான், எதற்கு எவ்வளவு போயிற்று என்று அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கைக்கு வரும் காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டட்டும். அப்பாவின் யுபிஐ பின்னை இன்றே மாற்றுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். இலவச டைமண்ட் தருவதாக வரும் லிங்க், ஆட்டக் கணக்கான ஐடியை வாங்குவது விற்பது எதிலும் கை வைக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாகவே இருங்கள்.

சாப்பிடக் கூப்பிட்டால் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நான்கு பேர் கொண்ட ஸ்குவாட் என்ற அணியில் ஒருவன் பாதியில் போனால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள், அவனுடைய ரேங்க்கும் இறங்கும். நீங்கள் “இப்பவே வை” என்று கத்தும்போது அவன் காதில் கூட்டாளிகள் “டேய் போகாதடா” என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆட்டம் சுமார் பத்து நிமிடம்தான். “இந்த மேட்ச் முடிஞ்சதும் வா” என்று சொல்லிப் பாருங்கள். மணிக்குப் பதிலாக மேட்ச் கணக்கை அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். ராத்திரி படுக்கும் அறைக்குள் ஃபோன் வரக் கூடாது என்பதை மட்டும் பேச்சுக்கே விடாதீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் எதுவும் சரியாக ஓடாது. அந்த ஸ்குவாடில் இருப்பவர்கள் யார் என்றும் கேளுங்கள். வகுப்புத் தோழர்கள் என்றால், மாலையில் கூடி விளையாட இடமில்லாத பையன்கள் சந்திக்கும் இடம் அதுதான். முன்பின் தெரியாதவர்கள் என்றால் வாய்ஸ் சாட்டை அணைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கேம் ஆடுவதால் வரும் பாதிப்பை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வரையறையில் மணிக்கணக்கே வைக்கவில்லை. நிறுத்த நினைத்தாலும் முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டமே முன்னால் வந்துவிட்டதா, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதுவும் பெரும்பாலும் 12 மாதமாவது நீடிக்க வேண்டும். உங்கள் மகனை அந்த இடத்தில் வைத்துப் பயப்பட இப்போது காரணம் இல்லை. பள்ளிக்குப் போவதையே நிறுத்தினாலோ, சாப்பாடு தூக்கம் போய் யாரோடும் பேசாமல் ஒடுங்கினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம்தான்.

இப்போது மகள். மைன்கிராஃப்டில் ரெட்ஸ்டோன் என்று ஒரு பொடி இருக்கிறது, மின்கம்பி மாதிரி வேலை செய்யும். என் அக்கா பேத்தி அதை வைத்துத் தானாகத் திறக்கும் கதவு ஒன்று கட்டினாள். லீவரைத் தட்டினாள், கதவு அசையவில்லை. பொடி போட்ட கோட்டின் பக்கத்திலேயே நடந்து நடந்து பார்த்தாள். பதினைந்து கட்டம் தாண்டியதும் பொடியில் ஓடும் மின்சாரம் செத்துப்போவதைத் தானே கண்டுபிடித்தாள். நடுவில், அதை மறுபடி முழு பலத்தோடு அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வைத்து மறுபடி தட்டியதும் கதவு திறந்தது. யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை, அடுத்த சலுகை என்று எந்தக் கடிகாரமும் அவளை விரட்டவில்லை. தனியாக ஆடும்போது நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வரவும் முடிந்தது. விளையாட்டால் நன்மை என்று நான் நம்புவது இதைத்தான். அதிலும் காசு கேட்கும் கடை உண்டு, முகம் தெரியாதவர்கள் வரும் சர்வர்களும் உண்டு. டேப்லெட்டைக் கொடுத்தது தம்பிதானே, அந்த இரண்டையும் பூட்டித் தரும் வேலையை அவரிடமே விடுங்கள். மற்றபடி அவள் ஆடட்டும்.

அன்புடன்