துக்கம் விசாரிக்கப் போனால் எதைக் கேட்கக் கூடாது?

கேள்வி: பாஸ்டனில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்யும் தோழியின் பத்தொன்பது வயது மகனை இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது பூ அனுப்பினேன். இப்போது அவள் வேலைக்கு வருகிறாள். மகன் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவாளோ என்று பயந்து, பனி பெய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். "போலீஸ், கோர்ட் என்று போகும் விவகாரம், நமக்கு எதற்கு?" என்கிறார் கணவர். நான் என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், டார்செஸ்டர்)

பதில்: துக்கம் கேட்கப் போனதற்காக யாரையும் கூண்டில் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில், அவசரப் பிரிவில், இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். குண்டடிபட்டு வந்த பிள்ளைகளின் தாய்மார்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைப்போம். முதல் வருடம் அந்த அறையில் ஒரு தாயிடம், "அந்த நேரத்தில் அங்கே எதற்குப் போனான்?" என்று கேட்டுவிட்டேன். இழவு வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே "எப்படி நடந்தது?" என்று கேட்டுப் பழகிய வாய். "பால் வாங்க" என்றாள் அந்த அம்மாள். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாரடைப்பில் இறந்தவனைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. குண்டில் இறந்தவன் மட்டும், தான் நல்லவன் என்று செத்த பிறகும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பிரேதப் பரிசோதனை முடியாமல் உடல் கைக்கு வராது. சட்டை, செல்போன் எல்லாம் சாட்சியப் பொருளாகப் போலீஸிடம் இருக்கும். மகனுடைய படங்கள் அந்த போனில்தான் இருக்கும். வழக்கு நடந்தாலும் வருடக்கணக்கில் இழுக்கும். பல வழக்குகளில் கைதே இருக்காது.

அதனால் எப்படி, ஏன், யார் என்று கேட்காதீர்கள். "உன் மகனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள், அவன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அழுவாள், அழட்டும். நீங்கள் பேச்சை எடுத்ததால்தான் அவளுக்கு அவன் ஞாபகம் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பதும் வேண்டாம். கேட்க அவளுக்குத் தெம்பு இருக்காது. "வியாழக்கிழமை சாப்பாடு கொண்டுவருகிறேன், பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். நம் ஊரில் பதினாறாம் நாளோடு பந்தலைப் பிரித்துவிடுகிறோம்; இவளுக்கு இரண்டாவது மாதத்தில்தான் வீடு காலியாகியிருக்கும். காரத்தைக் குறையுங்கள். நான் கொண்டுபோன வத்தக்குழம்பை ஒரு வீட்டில் மரியாதைக்காகச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீருக்கு நான்தான் பொறுப்பு.

ஒரு தாள் வேலையும் இருக்கிறது. குற்றத்தில் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உண்டு. உங்கள் மாநிலமான மாசசூசெட்ஸில் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகம் அதை நடத்துகிறது. அடக்கச் செலவுக்கும் மனநல ஆலோசனைக்கும் கேட்கலாம், ஆனால் காலக்கெடு உண்டு. ஒரு சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப உதவுங்கள். வழக்கு வந்தால் லீவு போட்டுவிட்டு கோர்ட் பெஞ்சில் அவள் அருகில் உட்காருங்கள். பேச ஒன்றும் இருக்காது, பரவாயில்லை.

உங்கள் டார்செஸ்டரிலேயே லூயிஸ் டி. பிரவுன் அமைதி நிறுவனம் இருக்கிறது. 1993 டிசம்பர் 20 அன்று, யாரோ இரு தரப்பார் சுட்டுக்கொண்டதன் நடுவில் சிக்கி இறந்த 15 வயதுப் பையன் லூயிஸ். துப்பாக்கிக்கும் கும்பலுக்கும் எதிரான இளைஞர் குழு ஒன்றின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் தாய் கிளெமென்டினா செரி மறு வருடமே அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இப்படிப் பிள்ளையை இழந்த வீடுகளுக்கு அடக்கம் முதல் கோர்ட் வரை துணை நிற்கிறார்கள். 1996 முதல் அன்னையர் தினத்தன்று அமைதி நடைப்பயணமும் நடத்துகிறார்கள். தோழியிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். தனியாகப் போகத் தயங்கினால் வாசல் வரை கூடப் போங்கள்.

கேள்வி: ஜூன் முதல் வெள்ளிக்கிழமை துப்பாக்கி வன்முறைக்கு எதிரான நாளாம், அன்றைக்கு ஆரஞ்சு உடை வேண்டும் என்கிறாள் என் மகள். துப்பாக்கிக்கும் ஆரஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?
(ஒரு அப்பா, சிகாகோ)

பதில்: உங்கள் ஊர்க் கதைதான். ஹதியா பெண்டில்டன் என்ற 15 வயது மாணவி, ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு விழா நிகழ்ச்சியில் ஆடிவிட்டுத் திரும்பிய சில நாட்களில், 2013 ஜனவரி 29 அன்று ஒரு பூங்காவில் சுடப்பட்டு இறந்தாள். காட்டில் வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு அணிவார்கள். அதைப் பார்த்து அவள் தோழிகள் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 2 அவள் பிறந்தநாள், அதை ஒட்டித்தான் இந்த நாள். புது உடைக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம், வீட்டில் ஆரஞ்சுத் துப்பட்டா ஒன்று இருந்தால் அதுவே போதும்.