குறைந்த செலவில் கேமிங் கணினி: எந்த ரேம் வாங்கலாம்?

கேள்வி: 8 ஜிபி போதுமா? இல்லை 16 வேண்டுமா?

பதில்: 16. விண்டோஸும் பின்னால் திறந்திருக்கும் பிரவுசரும் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் புதிய பெரிய கேம்கள் அடங்குவதில்லை. இடம் போதாமல், ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை நாடும்போதுதான் படம் திக்கித் திக்கி நகர்கிறது. சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதை) பார்த்தால் குறையே தெரியாது, ஆடும்போது எரிச்சல் வரும். 32 இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் காசில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்த முடியும் என்றால் அங்கே போடுங்கள்.

கேள்வி: அண்ணா, இப்போது ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கிவிட்டு, பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, தம்பி. ஒரு ஸ்டிக்குக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதை 64 பிட் அகலம். சரியான ஸ்லாட்டில் இரண்டு போட்டால் 128. டிடிஆர்4 தலைமுறை ரேமில் 3200 வேகம் என்றால், கணக்குப்படி ஒற்றை ஸ்டிக்குக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரட்டைக்கு 51.2 ஜிபி.

ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஆடுகிறீர்கள் என்றால் ஒற்றை ஸ்டிக் வேண்டவே வேண்டாம். அங்கே ரேம்தான் வீடியோ மெமரியும். பாதையைப் பாதியாக்கினால் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரியும்படி சரியும். இரண்டு 8 ஜிபி சேர்ந்த கிட் வாங்குங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இழப்பு குறைவு, ஆனாலும் டிடிஆர்4-இல் இரண்டு 8 ஜிபிதான் என் தேர்வு.

டிடிஆர்5-இல் விஷயம் கொஞ்சம் மாறும். பொதுவாக 8 ஜிபி ஸ்டிக்கில் இருக்கும் சிப்புகளில் பேங்க் குரூப்கள் (தரவை மாறி மாறிக் கையாளும் உட்பிரிவுகள்) பாதிதான். அதனால் 16 ஜிபி ஸ்டிக்கைவிட மந்தம். ஆகவே டிடிஆர்5 போர்டும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்து, கையில் காசு குறைவு என்றால் உங்கள் திட்டம் நியாயமானது. பிறகு அதே மாடலைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டில் எது வேகம்?

பதில்: சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை சுழற்சி எடுக்கிறது என்ற எண். அதை 2000-ஆல் பெருக்கி, 3200, 3600 போன்ற வேக எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருவது காத்திருக்கும் நேரம், குறைந்தால் நல்லது. இரண்டுக்கும் 10 நானோ நொடிதான் வரும். ஆனால் 3600 நொடிக்குக் கடத்தும் தரவு சற்றுக் கூடுதல். ரைசன் 5000 வரிசைக்கு அது நன்றாகப் பொருந்தும். விலை ஏறினால் 3200 போதும். 3200 சிஎல்22-ஐ மட்டும் தவிருங்கள், அது 13.75 வரை போகும். டிடிஆர்5-இல் 6000 சிஎல்30 என்றால் 10, சிஎல்36 என்றால் 12. மலிவாகக் கிடைத்தால் சிஎல்36-ஐயே தாராளமாக எடுங்கள்.

கேள்வி: சார், 3200 என்று வாங்கிய ரேம் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பெட்டியில் உள்ள வேகம் தானாக வராது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் உள்ள வேகத்தில் ரேமை ஓட்டும் அமைப்பை, ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டி போர்டில் டிஓசிபி என்றோ எக்ஸ்போ என்றோ இருக்கும். இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இன்டெல்லின் எச்410, பி460 போர்டில் 10-ஆம் தலைமுறை ஐ5 என்றால் 2666-க்கு மேல் ஏறாது, அதற்கு வேகமான ரேம் வீண் செலவு. சிபியு-இசட் என்ற மென்பொருள் 1600 என்று காட்டினால் பயப்படாதீர்கள், அது பாதி எண்ணைக் காட்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 போடலாமா?

பதில்: முடியாது. நடுவில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும், அழுத்தாதீர்கள்.

கேள்வி: பழைய ரேம் வாங்கினால் ஆபத்தா?

பதில்: தேயும் பாகம் எதுவும் இல்லாததால் பழையதில் துணிந்து வாங்கக்கூடியது ரேம்தான். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை மட்டும் வேண்டாம். சாதாரண போர்டில் அது வேலை செய்யாது. வாங்கியதும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பியில் பிழை வந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.