காட்டு வாசலில் கட்டும் ஐந்து டாலர் எங்கே போகிறது? – கேள்வி பதில்

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகள், கூட்டரசு நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் ஆகியவற்றில் பார்வையாளர்களிடம் வாங்கும் கட்டணம் பற்றி அங்கே குடியிருப்பவர்களும் ஊரிலிருந்து கிளம்புபவர்களும் கேட்டவை, அவற்றுக்கான பதில்கள்.

சியாட்டிலிலிருந்து: வருமான வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். அதற்குப் பிறகும் டிரெயில் தொடங்கும் இடத்தில் ஐந்து டாலர் கேட்கிறார்கள். இதுவும் வாஷிங்டன் கஜானாவுக்குத்தானே போகிறது, சார்?

இல்லை. பெரும்பகுதி நீங்கள் கட்டிய இடத்திலேயே தங்குகிறது. 2004 டிசம்பரில் நிறைவேறிய கூட்டரசு நிலப் பொழுதுபோக்கு மேம்பாட்டுச் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வசூலில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த இடத்துக்கே போக வேண்டும். அங்குள்ள தேவைக்கு மிஞ்சி வசூலானால் அந்தப் பங்கை 60 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இறக்க முடியாது. மிச்சம் அதே துறையின் மற்ற இடங்களுக்குப் போகும். நிர்வாகச் செலவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. நேஷனல் பார்க் சர்வீஸ், ஃபாரஸ்ட் சர்வீஸ், மீன் மற்றும் வனவிலங்குத் துறை, நில மேலாண்மைத் துறை, அணைகளைக் கவனிக்கும் ரெக்லமேஷன் துறை ஆகிய ஐந்துக்கும் இதே சட்டம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதிக்குக் கெடு இருக்கிறது. நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. கட்டணப் பணத்துக்கு அந்தக் கெடு கிடையாது, செலவழியும் வரை கையில் நிற்கும்; தனியாக ஒதுக்கீடும் வாங்க வேண்டாம். அதனால்தான் மூன்று வருட வசூலைச் சேர்த்து வைத்து ஒரு படகுத்துறையை மாற்றிக் கட்ட முடிகிறது. 1996-இல் சோதனைத் திட்டமாகத் தொடங்குவதற்கு முன் இந்த வசதி பெரும்பாலான இடங்களுக்கு இல்லை. தொகை சின்னதாக இருந்தாலும் ரேஞ்சர்கள் இதைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

போர்ட்லேண்டிலிருந்து: காரை நிறுத்திவிட்டு நேராக மலை ஏறப் போகிறேன். கழிப்பறை, மேசை எதையும் தொடுவதில்லை. அப்போதும் கட்ட வேண்டுமா அண்ணா?

தேசியக் காடுகளில் பகல்நேர வசதிக் கட்டணம் வாங்க வேண்டுமானால் ஆறு வசதிகள் ஒருசேர இருக்க வேண்டும்: முறையாக அமைத்த பார்க்கிங், நிலையான கழிப்பறை, நிலையான குப்பைத்தொட்டி, விளக்கப் பலகை, பிக்னிக் மேசை, பாதுகாப்புக் கண்காணிப்பு. ஒன்று குறைந்தாலும் அந்தக் கட்டணத்துக்கு அடிப்படை இல்லை. போய் இறங்கியதும் எண்ணிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

வெறுமனே பார்க்கிங்குக்காகவோ, வசதிகளைத் தொடாமல் நடந்து கடந்து போவதற்காகவோ, சாலையோரக் காட்சி முனையில் வண்டியை நிறுத்துவதற்காகவோ இந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அரிசோனாவின் மவுண்ட் லெமன் பகுதியில் ஃபாரஸ்ட் சர்வீஸ் வாங்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கில், ஒன்பதாவது சர்க்யூட் முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் இதையே உறுதி செய்தது. ஓரிகன், வாஷிங்டன், கலிஃபோர்னியா எல்லாம் அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருபவை. ஆகவே நீங்கள் கேட்டபடி நடந்தால் சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் திரும்பி வரும்போது கழிப்பறைக்குள் ஒரு முறை போனாலும், மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாலும் கட்டணம் உண்டு. தேசியப் பூங்கா வாசலில் வாங்குவது வேறு வகை, நுழைவுக் கட்டணம். அங்கே இந்த வாதம் எடுபடாது.

என்னைக் கேட்டால், கழிப்பறை சுத்தமாக இருக்கும் இடத்தில் ஐந்து டாலரைக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

டென்வரிலிருந்து: தண்ணீர் இல்லாத அந்த கான்கிரீட் கழிப்பறைக்கு என்ன அப்படிச் செலவு? சில இடத்தில் வாடையே இல்லை, சில இடத்தில் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே?

அதன் பெயர் வால்ட் டாய்லெட். தரைக்கு அடியில் கசியாத தொட்டி ஒன்று இருக்கிறது. ஒற்றை அறைக்கு 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் கொள்ளளவு என்பது வழக்கம். வாடை வராமல் இருக்க ஃபாரஸ்ட் சர்வீஸ் பொறியாளர்கள் ஒரு வடிவமைப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு வெளியே 12 அங்குல விட்டத்தில் கறுப்புக் குழாய் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூரை முகட்டுக்கு மேலே மூன்று அடி நீண்டிருக்கும், வெயில் படும் பக்கமாக இருக்கும். வெயிலில் குழாய் சூடாக, உள்ளே இருக்கும் காற்று மேலே ஏறும். அந்த இழுப்பில் அறைக் காற்று இருக்கைத் துளை வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, குழாய் வழியாக வெளியே போகும். சுவரில் கீழே உள்ள காற்றுத் துளை வழியாகப் புதுக் காற்று வரும்.

இந்த ஓட்டம் எங்கே அறுந்தாலும் வாடை வரும். மரம் வளர்ந்து குழாயை நிழலில் தள்ளியிருக்கும். காற்றுத் துளையைப் பனியோ இலைச் சருகோ அடைத்திருக்கும். யாராவது கதவுக்குக் கல் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள், அதனால் காற்று திசை மாறும். இல்லாவிட்டால் தொட்டி நிரம்பி, உறிஞ்சும் லாரியைக் கூப்பிடப் பணம் இல்லாமல் இருக்கும். கட்டணப் பணம் முதலில் போவது அந்த லாரி வாடகைக்குத்தான். காட்டுக்குள் நாற்பது மைல் வர வேண்டிய லாரிக்கு வாடகை குறைவாக இருக்காது.

ஒரு வேண்டுகோள்: டயப்பர், தண்ணீர் பாட்டில், டின் எதையும் உள்ளே போடாதீர்கள். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும்; தொழிலாளி ஒருவர் நீளக் கொக்கியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். குழாயின் உச்சியில் கம்பி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரப்பொந்து என்று நினைத்துச் சின்ன ஆந்தைகள் உள்ளே இறங்கி மேலே ஏற முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. வலை இல்லையென்றால் ரேஞ்சர் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: வரும் கோடையில் நாங்கள் நான்கு பெரியவர்கள் வாடகைக் காரில் கிராண்ட் கேன்யன், சயன், பிரைஸ் கேன்யன் போகிறோம். எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

2026 ஜனவரி 1 முதல் விதி மாறிவிட்டது. அதிகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில், அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். நீங்கள் சொன்ன மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவை. தனித்தனியாகக் கட்டினால் ஒவ்வொரு பூங்காவிலும் 400 டாலர், காருக்கு 35 டாலர். மூன்றுக்கும் சேர்த்து 1,305. வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். அது பாஸ் வைத்திருப்பவரையும் அதே காரில் வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். யோசிக்கவே வேண்டாம், பாஸ் வாங்குங்கள். பாஸில் பெயர் உள்ளவர் காரில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

டல்லஸிலிருந்து: அம்மாவுக்கு 64 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. சலுகை உண்டா?

உண்டு. 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ள நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் சீனியர் பாஸ்: ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80. பல கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். நேரில் வாங்கினால் அஞ்சல், கையாளும் செலவு மிச்சம். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருடத்துக்கு இலவச பாஸ் கிடைக்கும், அதையும் விடாதீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து: ஸ்மோக்கி மவுண்டன்ஸ் இலவசம் என்றார்கள். போனால் பார்க்கிங் டேக் கேட்கிறார்கள். எங்களிடம் ஆண்டு பாஸ் இருந்தும் செல்லாது என்றுவிட்டார்கள்.

நுழைவு இலவசம்தான். பூங்கா வழியே போகும் நியூஃபவுண்ட் கேப் சாலையைக் கூட்டரசிடம் ஒப்படைத்தபோது டென்னசி மாநிலம் சுங்கம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. அதனால் 2023 மார்ச் 1 முதல் 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தும் வண்டிக்கு டேக் வைத்தார்கள்: நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலர். கூட்டரசு பாஸ் இதற்கு ஈடாகாது. வசூல் முழுவதும் அந்தப் பூங்காவிலேயே செலவாகிறது.

சாக்ரமெண்டோவிலிருந்து: கேம்ப்கிரவுண்டில் கட்டணம் போடுவதற்கு வைத்திருக்கும் இரும்புக் குழாயில் பண உறையைப் போட்டேன். ஆனாலும் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

பெரும்பாலும் துண்டுச் சீட்டில்தான் சிக்கல். உறையில் தேதி, வண்டி எண், கேம்ப் சைட் எண், எத்தனை இரவு என்று எழுதி, பணத்தை வைத்து ஒட்டி, துண்டைக் கிழித்து வைத்துக்கொண்ட பிறகுதான் குழாயில் போட வேண்டும். துண்டு டேஷ்போர்டில் எழுத்து மேலே தெரியும்படி இருக்க வேண்டும். கார் கதவை அடித்துச் சாத்தும்போது வரும் காற்றில் அது கவிழ்ந்துவிடும், தடுப்புக்கு எதையாவது வையுங்கள். சில்லறை கிடைக்காது, சரியான நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். ஸ்கேன் செய்து கட்டும் இடங்களில் சிக்னல் இருக்காது. ரெக்ரியேஷன் டாட் கவ் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் கட்டலாம். உறையைப் போட்டதற்குத் துண்டு கையில் இருந்தால், நோட்டீசில் உள்ள அலுவலகத்துக்கு அதன் படத்தோடு எழுதுங்கள். முதல் தடவை அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

பாய்சியிலிருந்து: எங்கள் ஏரிக் கேம்ப்கிரவுண்டில் கட்டணத்தை ஏற்றப் போகிறார்களாம். நாம் எழுதினால் கேட்பார்களா?

எழுதுங்கள், பலன் உண்டு. புதுக் கட்டண இடம் என்றால் ஆறு மாதம் முன்பே கூட்டரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஃபாரஸ்ட் சர்வீஸ், நில மேலாண்மைத் துறை இடங்களில் பொதுமக்கள் ஆலோசனைக் குழு ஒன்று பரிந்துரைக்க வேண்டும். மக்கள் ஆதரவு பதிவாகியிருந்தால்தான் அந்தக் குழு பரிந்துரைக்க முடியும். “ஏற்றாதீர்கள்” என்று ஒற்றை வரி எழுதினால் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான். போன வருடம் இந்த இடத்தில் எவ்வளவு வசூல், எதற்குச் செலவு, உயர்த்தும் தொகையில் முதலில் எந்த வேலை, எப்போது என்று கேளுங்கள். கேம்ப்கிரவுண்டுக் கட்டணத்துக்குக் குடிநீர், கழிப்பறை, மேசை, தீ மூட்டும் வளையம் உட்பட ஒன்பது வசதிகளில் பெரும்பான்மை இருக்க வேண்டும். எது பழுதாக இருக்கிறது என்று தேதியிட்ட படத்தோடு காட்டுங்கள். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் கண்காணிக்கும் ஆய்வுக்கும், ஊழியர் போனசுக்கும் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. செலவுப் பட்டியலில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் குறிப்பிடுங்கள். கருத்துச் சொல்லக் கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும், கேம்ப்கிரவுண்டின் பெயரை முதல் வரியில் போட்டு அதற்குள் அனுப்பிவிடுங்கள்.