ஸ்வெட்டர் வயிற்றில் ஆரஞ்சுத் திட்டு

கேள்வி: அக்கா, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். கையால் சாயமிட்ட மெரினோ கம்பளி நூல், வளையமாகச் சுற்றி முறுக்கிய 100 கிராம் சிட்டமாக ஐந்து வாங்கினேன். நீலமும் ஆரஞ்சும், இடையிடையே அடர் சிவப்பும். சிட்டமாகப் பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. வட்ட ஊசியில் கீழிருந்து ஸ்வெட்டர் பின்னத் தொடங்கி 20 சென்டிமீட்டர் வந்துவிட்டேன். ஆரஞ்செல்லாம் ஒன்றுசேர்ந்து வயிற்றுக்கு நேரே ஒரு திட்டு, முதுகில் ஒரு திட்டு, இரண்டும் பாம்பு மாதிரி சாய்ந்து ஏறுகின்றன. நூல் சரியில்லையா, என் கை சரியில்லையா? பிரிக்கவா? இதே மாதிரி நூலில், யாழ்ப்பாணத்திலிருந்து வரப்போகும் அம்மாவுக்கு ஒரு சால்வையும் பின்ன ஆசை. கழுவினால் சாயம் போகுமா, வினிகர் போட வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, நூலும் சரிதான், உங்கள் கையும் சரிதான். இன்னும் திறக்காத ஒரு சிட்டத்தை எடுத்து, முறுக்கை அவிழ்த்து, மேசையில் வட்டமாக விரித்துப் பாருங்கள். சாயம் போட்டவர் இந்த வட்டத்தின் மேல்தான் தூரிகையாலோ புட்டியாலோ வண்ணத்தை வைத்திருக்கிறார், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு என்று. அதனால் நூல் ஒரு வட்டம் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் அதே வண்ணங்கள் அதே வரிசையில் திரும்ப வரும். அந்த வட்டத்தை அளந்தால் பெரும்பாலும் 150 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும்.

இப்போது ஸ்வெட்டரை அளந்து பாருங்கள். சாதாரணப் பின்னலில், பின்னும் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகும். உங்கள் ஸ்வெட்டர் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 300 சென்டிமீட்டர் நூல், அதாவது சிட்டத்தின் இரண்டு வட்டம். முன்பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அதனால்தான் ஆரஞ்சு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. அளவு அச்சாகப் பொருந்தாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு கண்ணி தள்ளிப்போவதால் திட்டு நேராக ஏறாமல் சாய்ந்து ஏறுகிறது. கைக்கு வரும்போது சுற்றளவு 30 சென்டிமீட்டர்தான் இருக்கும், அங்கே இதே நூல் கோடு கோடாக விழும். ஒரே ஸ்வெட்டரில் உடம்பு ஒரு மாதிரி, கை வேறு மாதிரி. எனக்கு அது பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது என்று கடிதத்திலேயே தெரிகிறது.

அதனால் பிரித்துவிடுங்கள். 20 சென்டிமீட்டரைப் பிரிப்பது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் அடி ஓரத்தில் வரிவரியாக இழுபடும் ரிப் பின்னல் வரைக்கும் போனால் போதும், ரிப்பில் திட்டு அவ்வளவாகத் தெரியாது. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் அதைச் சுற்றி, நாலு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி உலர்த்தினால் நேராகிவிடும்.

அப்புறம் இரண்டு சிட்டங்களைத் தனித்தனிப் பந்தாகச் சுற்றிக்கொண்டு, ஒரு சுற்று முதல் பந்தில், அடுத்த சுற்று இரண்டாம் பந்தில் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். முதல் பந்தில் ஆரஞ்சு ஓடும்போது இரண்டாம் பந்து நீலத்தில் தொடங்கட்டும், அப்போது ஆரஞ்சு விழும் இடத்துக்கு மேலேயே நீலம் விழுந்து திட்டு உடைந்துவிடும். நூல் மாற்றும் இடத்தில் மட்டும் இழுத்துப் பிடிக்காதீர்கள், அந்த இடம் சுருங்கி உள்ளே ஒரு தழும்பு மாதிரி நின்றுவிடும். கைகளையும் இப்படித்தான் பின்ன வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கைச்சாய நூலில் பல சமயம் லாட் எண்ணே (ஒரே தடவையில் சாயமிட்டவை என்று காட்டும் எண்) இருக்காது, இருந்தாலும் ஒரு சிட்டம் இன்னொன்று போல இருக்காது. நான் ஒரு தடவை நான்கு சிட்டங்களை ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று பின்னிக்கொண்டே போனேன். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. பகலில் போட்டுப் பார்த்தபோது நெஞ்சுக்குக் கீழே அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு, அதற்கு மேலே முழுக்க ஒரு படி கறுத்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கைச்சாய நூலானாலும் இரண்டு பந்து வைத்துத்தான் பின்னுகிறேன். வாங்கும்போதே எல்லாச் சிட்டங்களையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஸ்வெட்டருக்கு, ஒரே நிறத்தின் வெளிறலும் அடர்வும் மட்டும் கலந்து வரும் நூலை எடுங்கள். பாத்திரத்தில் முக்கிச் சாயமேற்றும் நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், உருகுவேயின் மலபிரிகோ என்ற நூல் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. நாலு நிறம் துள்ளும் நூல் சால்வைக்குத்தான் பொருத்தம் என்பேன்.

அம்மாவின் சால்வைக்கு வருகிறேன். கழுத்து நடுவில் நாலைந்து கண்ணியில் தொடங்கி இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போகும் முக்கோணச் சால்வை பின்னுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட நீளமாவதால் வண்ணம் ஓரிடத்தில் தங்காது. கழுத்தருகே பட்டை பட்டையாக இருப்பது போகப் போக மெலிந்து, ஓரத்துக்கு வரும்போது தூவிய மாதிரி ஆகிவிடும். ஒன்ராறியோவிலேயே தாயும் மகளுமாகத் தொடங்கிய கோயிகு என்ற நூல் நிறுவனத்தின் கையால் தீட்டிய மெரினோ கிடைக்கிறது, 50 கிராம் சிட்டத்தில் 160 மீட்டர். மூன்று சிட்டம், 4 மில்லிமீட்டர் ஊசி, தோளைப் போர்த்தும் அளவுக்கு வரும். இரண்டு பக்கமும் நிட் என்ற அடிப்படைக் கண்ணி மட்டும் போடும் கார்ட்டர் பின்னலே போதும். லேஸ் வேண்டாம். இத்தனை வண்ணத்துக்கு நடுவில் ஓட்டைகளின் வடிவம் யார் கண்ணுக்கும் படாது, உழைப்பு வீணாகும். லேஸ் போட்டே ஆகவேண்டும் என்றால் ஓரத்தை மட்டும் ஒற்றை நிற நூலில் போடுங்கள்.

வினிகர் பற்றி. கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் நூலோடு பிடிக்க அமிலமும் வேண்டும், சூடும் வேண்டும். முடித்த ஸ்வெட்டரைப் பச்சைத் தண்ணீரில் வினிகர் விட்டு ஊறவைத்தால் சாயம் பிடிக்காது, வாசனைதான் மிஞ்சும். நீலமும் சிவப்பும் முதல் கழுவலில் கொஞ்சம் இறங்கலாம். தண்ணீர் தெளியும் வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள், மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். பின்னத் தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டு பின்னிக் கழுவினால் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். நூல் சூப்பர்வாஷ், அதாவது மெஷினில் கழுவினாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி என்றால் மாதிரித் துண்டு கட்டாயம் வேண்டும். ஈரத்தில் அது நீளும், கழுவி உலர்ந்த பிறகு எடுத்த அளவை வைத்துத்தான் கண்ணி எண்ணிக்கையைப் போட வேண்டும். ஈர ஸ்வெட்டரைத் தொங்கவிடாதீர்கள், துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள்.

ஐந்து சிட்டமும் முடியும்போது நாலைந்து மீட்டர் நூலை மிச்சம் வைத்து, ஸ்வெட்டரோடு சேர்த்துக் கழுவி, ஒரு கவரில் போட்டு வையுங்கள். முழங்கை தேய்ந்தால் அதை வைத்துத்தான் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.