போர்ச்சுகல் முட்டை டார்ட்: கேட்டதும் சொன்னதும்

கே: அக்கா, லிஸ்பன்ல சாப்பிட்டப்போ மேல அங்கங்க கறுத்திருந்தது. நான் 180 டிகிரியில அரை மணி நேரம் வச்சும் வெறும் மஞ்சளாவே இருக்கே?

ப: அது கேக் சூடு. அங்கே கடை அடுப்புகள் 400 டிகிரி வரை போகும். வீட்டு ஓவன் 250-உடன் நின்றுவிடும் என்பதால் அந்த 250-ஐ முழுசாக வையுங்கள். கனமான இரும்புத் தட்டு ஒன்றை உள்ளே போட்டு முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் அச்சுகளை வையுங்கள். 12 முதல் 15 நிமிடம். கஸ்டர்ட் உப்பி, மேலே தீய்ந்த புள்ளி விழுந்ததும் எடுங்கள். கருகுகிறதே என்று பயந்து முன்னாடியே எடுப்பவர்கள்தான் அதிகம்.

கே: அடி மாவு பிஸ்கட் மாதிரி கெட்டியா வருது.

ப: பூரிபோலத் தேய்த்து வட்டமாக வெட்டிப் போட்டிருப்பீர்கள். வெண்ணெய் தடவி மடித்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, 2 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். சுருள் தெரியும் பக்கம் மேலே பார்க்க அச்சில் வைத்து, கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். வெந்த டார்ட்டைக் கவிழ்த்தால் அடியில் சுருள் கோடு தெரியும். கடையில் வாங்கின பஃப் ஷீட்டையும் இப்படியே சுருட்டலாம். அவசரத்துக்கு நானும் அதுதான்.

கே: பாகு என்ன பதம்?

ப: ஒரு கம்பி, தெர்மாமீட்டரில் 105 டிகிரி. கரண்டி போடாதீர்கள், பூத்துவிடும். 250 கிராம் சர்க்கரை, 150 மி.லி. தண்ணீர், ஒரு துண்டு பட்டை, எலுமிச்சைத் தோல். 300 மி.லி. பாலில் 30 கிராம் மைதாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, பாகைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். வெதுவெதுப்பானதும் 6 மஞ்சள் கரு சேர்த்து வடிகட்டினால் போதும்.

கே: கவுச்சி அடிக்குமா?

ப: அடிக்காது. எலுமிச்சைத் தோலின் உள்பக்க வெள்ளை மட்டும் வேண்டாம், கசக்கும்.

கே: மஞ்சள் கரு மட்டும் ஏன்?

ப: போர்ச்சுகல் கிறிஸ்தவ மடத்துச் சமாசாரம். துறவியர் உடைக்குக் கஞ்சி போட வெள்ளைக் கரு போய்விடும், மஞ்சள் கரு மிஞ்சும் என்பார்கள். 1834-ல் மடங்களை மூடினார்கள். 1837-லிருந்து லிஸ்பனின் பெலேம் பகுதியில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்று இதை விற்கிறது. அங்கே செய்வது மட்டும் 'பஸ்டல் டி பெலேம்', மற்றதெல்லாம் 'பஸ்டல் டி நாட்டா'. நாட்டா என்றால் க்ரீம். என் செய்முறையில் ஒரு சொட்டு க்ரீம் கிடையாது!

கே: மறுநாளைக்கு வைக்கலாமா?

ப: ஃப்ரிட்ஜில் நமுத்துவிடும். மாவை அச்சில் அழுத்தி ஃப்ரீசரில் போட்டுவையுங்கள். வேண்டும்போது கஸ்டர்ட் ஊற்றிச் சுட்டு, பட்டைத்தூள் தூவி, இளஞ்சூட்டோடு சாப்பிடுங்கள்.