மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர்?

கடலுக்கடியில் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளில், சிறிய டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெரிய கேமராக்களும் அவற்றுக்கான அலுமினியப் பெட்டிகளும் வேறு உலகம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

புதுச்சேரியில் முதன்முறையாக ஸ்கூபா செய்யப் போகிறேன். என் போன் ஐபி68 தரம். அதையே கொண்டுபோகலாமா, இல்லை ஒரு கேமரா வாங்கிவிடவா? (வாசகி, விழுப்புரம்)

முதல் முறைக்கு இரண்டுமே வேண்டாம். அறிமுக ஸ்கூபாவில் உங்களை அதிகபட்சம் 12 மீட்டர் ஆழத்துக்குள்தான் அழைத்துப்போவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வாயால் மூச்சு விடுவது, காதில் ஏறும் அழுத்தத்தைச் சமன் செய்வது, கைகால்களை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக நிறைய இருக்கிறது. கையில் கேமரா இருந்தால் கவனம் திரைக்குப் போய்விடும். காது வலிக்கத் தொடங்கியதையே தாமதமாகத்தான் உணர்வீர்கள். படம் வேண்டுமென்றால் பயிற்சி நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல இடங்களில் அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

போனைப் பொறுத்தவரை, ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் உள்ளே புகாது என்று சோதனைக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில் பார்த்துக் கொடுக்கும் தரம். ஐபோன் 12 போன்றவற்றுக்கு 6 மீட்டரில் 30 நிமிடம் என்று கணக்கு. உப்பும் அலையும் அந்தக் கணக்கில் இல்லை. தொடுதிரையும் தண்ணீருக்குள் விரல் சொல்வதைக் கேட்காது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பை கரையோரக் குளியலுக்குச் சரி, அதற்குமேல் நம்ப வேண்டாம்.

அந்தமான் ஹேவ்லாக்கில் 200 படம் எடுத்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் நீலம். கண்ணால் பார்த்த நிறம் எங்கே போனது? (வாசகர், மதுரை)

நிறத்தைத் தண்ணீர் குடித்துவிட்டது. வெளிச்சம் தண்ணீருக்குள் போகப் போக முதலில் மங்குவது சிவப்பு. 5 மீட்டருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி காணாமல் போகும். அடுத்தது ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 20 மீட்டர் ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். நம் மூளை இதற்கெல்லாம் ஈடுகட்டிப் பழகியது, அதனால் கண்ணுக்கு ஓரளவு நிறம் தெரிந்தது. கேமரா அப்படி ஈடுகட்டுவதில்லை, வந்த வெளிச்சத்தைத்தான் பதிவு செய்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆழத்தை மட்டும் எண்ணினால் போதாது. நீங்கள் 8 மீட்டர் ஆழத்தில் இருக்கிறீர்கள், மீன் உங்களிடமிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், வெயில் மீன் வரைக்கும் 8 மீட்டர் இறங்கி, அங்கிருந்து உங்கள் லென்ஸுக்கு இன்னும் 4 மீட்டர் வருகிறது. மொத்தம் 12 மீட்டர் தண்ணீர். அதே மீனை அரை மீட்டரில் எடுத்தால் கணக்கு எட்டரையாகக் குறைகிறது. வழியில் இருக்கும் தூசும் குறைகிறது, படமும் கூர்மையாகிறது. அதனால் நிறத்துக்கு நான் சொல்லும் முதல் மருந்து கிட்டப் போவதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளி வளைவதால் எல்லாம் கால் பங்கு பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். 4 மீட்டரில் இருக்கும் மீன் 3 மீட்டரில் இருப்பதாக நினைப்பீர்கள். போதுமான அளவு கிட்ட வந்துவிட்டோம் என்று தோன்றும்போது காலில் மாட்டிய துடுப்பை இன்னும் ஒரு முறை அசைத்து முன்னே போங்கள். ஜூமைத் தொடவே வேண்டாம். ஜூம் மீனைப் பெரிதாக்கும். நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைக்காது.

கிட்டப் போன பிறகு ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பைப் பாருங்கள். ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். கேமராவில் கடலடி அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். கையால் அமைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது: வெள்ளைப் பலகையையோ வெளிறிய மணலையோ காட்டி அமைத்துக்கொள்ள வேண்டும், சில மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ திரும்பவும் அமைக்க வேண்டும். வழக்கமான ஜேபெக் படத்தோடு, சென்சார் பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் பதிவு செய்தால் வீட்டுக்கு வந்து நிறத்தைச் சரிசெய்ய இடம் இருக்கும். லென்ஸ்மேல் மாட்டும் சிவப்பு ஃபில்டர் வெயில் வெளிச்சத்துக்கு மட்டும். ஃபிளாஷோடு சேர்த்துப் போட்டால் படம் முழுவதும் சிவந்துவிடும். சென்னை, புதுச்சேரி பக்கம் தண்ணீர் பெரும்பாலும் பச்சை கலந்தது. அங்கே சிவப்பு ஃபில்டரைவிட மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஃபில்டர்தான் பொருந்தும்.

படம் முழுக்கப் பனி கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கேமரா கெட்டுவிட்டதா? (வாசகர், தூத்துக்குடி)

கேமராவுக்கு ஒன்றுமில்லை. தண்ணீரில் மிதக்கும் வண்டலிலும் நுண்ணுயிர்களிலும் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. பனி பெய்யும் இரவில் வண்டியின் ஹை பீமைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. சின்னக் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் இந்தத் தொல்லை அதிகம்.

மீன் ஒரு மீட்டருக்கு அப்பால் இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் வேண்டும் என்றால் கேமராவிலிருந்து ஒரு முழம் பக்கவாட்டில், கைப்பிடியில் பொருத்திய தனி விளக்கோ ஸ்ட்ரோபோ (தனியாக வைக்கும் ஃபிளாஷ்) வையுங்கள். விளக்கை மீனை நோக்கி நேராகத் திருப்பாமல் சற்று வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்தால், வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் விழும், நடுவிலுள்ள தூசு இருட்டிலேயே இருக்கும். அப்புறம், துடுப்பால் அடிமணலைக் கிளப்பாதீர்கள். முன்னால் போகும் ஒருவர் கிளப்பிய மண் அடங்க நேரம் பிடிக்கும். பின்னால் வரும் எல்லார் படமும் பாழ்.

ஸ்கூபாவின் முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டர் வாங்கிவிட்டேன். டிஜி-6 கேமரா இருக்கிறது. ஹவுஸிங் (கேமராவை உள்ளே வைக்கும் தண்ணீர் புகாத பெட்டி) வாங்காமல் சமாளிக்க முடியுமா? மட்டக்களப்பில் மூழ்கிய கப்பல் பார்க்கும் ஆசையும் உண்டு. (வாசகர், கல்முனை)

ஒலிம்பஸ் டிஜி-6 வெறுமனே 15 மீட்டர் தாங்கும். உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு. அந்த 3 மீட்டர் வித்தியாசத்தில்தான் கேமராக்கள் பாழாகின்றன. ஒரு ஆமை இறங்குகிறது, பின்னாலேயே நீங்களும் இறங்குகிறீர்கள், கையில் கட்டிய, ஆழம் காட்டும் டைவ் கணினியைப் பார்த்தால் 17 மீட்டர். இதைத் திட்டமிட்டு யாரும் செய்வதில்லை, தானாக நடந்துவிடுகிறது. ஸ்கூபாவுக்கு ஹவுஸிங் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்தக் கேமராவுக்கென வரும் பிடி-059 ஹவுஸிங் 45 மீட்டர் தாங்கும். அதன் பிறகு வந்த டிஜி-7-க்கும் அதே ஹவுஸிங் பொருந்தும்.

ஸ்நார்கெலிங்குக்கு (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்துவது) ஹவுஸிங் தேவையில்லை. ஆனால் படகிலிருந்து கேமராவோடு குதிக்காதீர்கள். குதிக்கும்போது ஒரு கணம் அழுத்தம் ஏறும். முதலில் நீங்கள் இறங்குங்கள், கேமராவைப் பிறகு கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பல் விஷயத்தில் ஆசைக்கு எல்லை வேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் உச்ச எல்லையே 40 மீட்டர். அது தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. உங்கள் ஹவுஸிங்கும் அங்கே போகாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட மேலே, 20 மீட்டருக்குச் சற்றுக் கீழே, பாசிக்குடா பக்கம் இருக்கிறது. அடுத்த கட்டப் பயிற்சியான அட்வான்ஸ்டை முடித்தால் 30 மீட்டர் வரை போகலாம். முதலில் அதற்குத் தயாராகுங்கள்.

டிஜி-7 வாங்கவா, ஒரு அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 அல்லது கேனன் ஜி7எக்ஸ் வாங்கி ஹவுஸிங் போடவா? (வாசகர், சிங்கப்பூர்)

என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு அங்குல சென்சார் மங்கலான வெளிச்சத்தில் தெளிவாக எடுக்கும், ரா கோப்பில் நிறத்தை மீட்கவும் இடம் கொடுக்கும். பவளப்பாறையின் அகலக் காட்சி, கப்பல், டைவர்கள் என்றால் அதுதான் மேல். ஆனால் ஹவுஸிங்கில் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருப்பது தண்ணீர் தாங்காத கேமரா, அன்றோடு முடிந்தது.

டிஜி வரிசையின் சென்சார் சிறியது, 12 மெகாபிக்சல்தான். அதன் பலம் வேறு இடத்தில். மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருப்பதையும் கூர்மையாகப் பிடிக்கும். நகத்தளவு ஓடில்லாக் கடல் நத்தையின் கொம்பு, இறாலின் கண், பவள மொட்டின் விரல்கள் என்று இந்த விலைக்கு இவ்வளவு கிட்ட போகும் கேமரா வேறு எனக்குத் தெரிந்து இல்லை. நடுவில் தண்ணீரே இல்லாததால் கலங்கல் கடலிலும் படம் கிடைக்கும். என்னைக் கேட்டால், பத்து அடிக்கு அப்பால் தெரியாத கடலில் மூழ்குபவருக்கு டிஜி. தெளிந்த கடலுக்கு அடிக்கடி போகிறவருக்கு ஒரு அங்குலம். கையில் டிஜி-6 இருந்தால் 7-க்கு மாற வேண்டியதில்லை, படத் தரத்தில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது.

ஹவுஸிங் கண்ணாடியில் ஆவி படிகிறது. மூடியில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு ஒவ்வொரு முறையும் கிரீஸ் போட வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. முதலில் ஆவி. படகில் புழுக்கமான காற்றோடு ஹவுஸிங்கை மூடுகிறீர்கள், உள்ளே கேமரா சூடாகிறது, வெளியே தண்ணீர் குளிர்ச்சி. உள்ளே அடைபட்ட ஈரம் கண்ணாடியில் படியத்தான் செய்யும். ஏசி அறையில் காற்று வறண்டிருக்கும். கிளம்பும் முன் அங்கேயே மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். மூடிய பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், மேலே ஈரத்துண்டு போடுங்கள்.

இனி ஓ-ரிங். என் முதல் ஹவுஸிங்கில் தண்ணீர் புகுந்தது ஒற்றைத் தலைமுடியால். படகு கிளம்பப் போகிறது என்ற அவசரத்தில் மெமரி கார்டை மாற்றிவிட்டுப் பார்க்காமல் மூடினேன். 6 மீட்டரில் கண்ணாடியின் அடியில் ஒரு சொட்டு உருண்டது. மேலே வருவதற்குள் கேமரா போய்விட்டது. பிரித்துப் பார்த்தபோது ரிங்கின் குறுக்கே அந்த முடி படுத்திருந்தது. அதற்குப் பிறகு நான் படகில் ஹவுஸிங்கைத் திறப்பதே இல்லை. முந்தின இரவே பேட்டரி, கார்டு, ரிங் எல்லாவற்றையும் முடித்து மூடிவிடுவேன்.

ரிங்கைக் கழற்றக் கூர்மையான எதையும் தொடாதீர்கள், விரலால் நெருக்கினாலே வளைந்து எழும்பும். இரு விரலுக்கிடையே மெல்ல இழுத்துவிட்டால் மணல் ஒன்று இருந்தாலும் தட்டுப்படும். ரிங் உட்காரும் பள்ளத்தையும் நூல் உதிராத துணியால் துடையுங்கள். கிரீஸ் ரிங் வழுக்கிக்கொண்டு உட்காரத்தான். தண்ணீரை அடைப்பது ரிங், கிரீஸ் அல்ல. பளபளப்புத் தெரிந்தால் போதும். அப்பினால் மணலையும் முடியையும் அதுவே பிடித்து வைக்கும். ஹவுஸிங்கோடு கொடுத்த கிரீஸையே வாங்குங்கள். சில சிலிகான் ரிங்குகள் வேறு கிரீஸ் பட்டால் ஊதிவிடும்.

புது ஹவுஸிங் என்றால் முதல் முறை கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ காகிதமும் கொஞ்சம் எடையும் வைத்து இறக்குங்கள். காகிதம் காய்ந்தே வந்தால் அடுத்த முறை கேமரா போகலாம்.

பழைய டிஜி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வாங்கலாம், கரையில் பயன்படுத்த. கதவுகளின் ரப்பரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால், ஹவுஸிங் போடாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

புறாத்தீவில் ஸ்நார்கெலிங் போனோம். மகள் எடுத்த மீன் படங்கள் எல்லாம் மங்கல், பாதி வால்தான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (வாசகி, திருகோணமலை)

மீனைத் துரத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். துரத்தினால் வால்தான் கிடைக்கும். ஒரு இடத்தில் அசையாமல் மிதந்து, மெதுவாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் மீன்கள் பழையபடி மேயத் தொடங்கிவிடும், கிளிமீன்கள் தாமாகவே பக்கத்தில் வரும். கோமாளி மீன் தன் கடற்சாமந்தியை விட்டு வெகுதூரம் போகாது, குழந்தைகளுக்கு முதல் பாடமாக அதைவிட நல்ல மீன் இல்லை. ஷட்டர் 1/125 நொடியாவது இருக்கட்டும், கண்மீது குவியம் வைக்கட்டும். மேலிருந்து முதுகை எடுக்காமல் மீனின் மட்டத்துக்கு இறங்கி எடுத்தால் முகம் கிடைக்கும். காலை 9 மணியிலிருந்து மதியம் வரை வெயில் நன்றாக உள்ளே இறங்கும். உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும்.

கேமராவில் மிதவைப் பட்டை கட்டுங்கள், கை நழுவினால் கேமரா கல்போல் மூழ்கும். கைப்பட்டையைத் தளரக் கட்டாதீர்கள், அது பவளத்தில் போய்ச் சிக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். படத்துக்காகப் பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காதான், அங்கே அனுமதியில்லாமல் இறங்கவே முடியாது. ஒளிந்திருக்கும் மீனைக் குச்சியால் தள்ளி வெளியே கொண்டுவரும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஃபிளாஷைவிட இப்படி நகர்த்துவதுதான் மீன்களை அதிகம் கலங்கடிக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மீன் வெளியே வராவிட்டால் அந்தப் படம் வேண்டாம்.

கரைக்கு வந்ததும் கேமராவை வெயிலில் காயவிடாமல் ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், பொத்தான்களை உள்ளேயே அழுத்தி அழுத்தி விடுங்கள். பொத்தானுக்கு அடியில் தங்கிய உப்பு அப்போதுதான் வெளியே வரும்.